மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள்

(கிழக்குத் தாம்பரத்தில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று பல பக்கங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை சிமெண்ட் போடாமல் விட்டுவைத்தவர்கள் நீங்கள். அதில் நாலு கத்தரி, நாலு வெண்டை, ஒரு கீரைப் பாத்தி, சுவரோரம் ஒரு அவரைப் பந்தல் என்று வளர்த்து வருகிறீர்கள். உங்கள் முன் முதலில் ஒரு கணக்கை வைக்கிறேன்.

சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அந்த ஒரு கிரவுண்டு மனையின் மேல் ஓராண்டில் விழும் மழைநீர் மூன்று லட்சம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் லாரியால் அளந்தால் 26 லாரித் தண்ணீர். இதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையாக இறங்கிவிடுகிறது. சித்திரையில் நாம் எந்த வாசலில் நின்று லாரிக்குப் போன் செய்கிறோமோ, அந்த வாசலில்தான் அந்த மழை கொட்டியது.

2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. அதற்கு நாலு ஆண்டு முன்பு, 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், இதே தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறி நின்றவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். மழை குறைவான ஊர் நம்முடையது அல்ல. வந்த மழையை மண்ணில் நிறுத்தி வைக்காத ஊர். ஏரியைத் தூர்வாருவது, மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டுவது எல்லாம் வேண்டியவையே. நான் இன்று பேச வந்தது அவற்றைவிடச் சின்ன வேலை. காய்கறிப் பாத்திக்கு மூடாக்குப் போடுவது, அதாவது பாத்தி மண்ணைச் சருகாலோ வைக்கோலாலோ போர்த்தி வைப்பது. காசு கேட்காத வேலை, மேஸ்திரி தேவைப்படாத வேலை.

பாத்தியிலிருந்து தண்ணீர் எப்படிப் போகிறது என்று முதலில் பார்ப்போம். கத்திரி வெயில் நாட்களில் திறந்த தொட்டியில் நிற்கும் நீர் ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். நன்றாக நனைந்த வெறும் மண்ணும் முதல் நாள் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் இழக்கிறது. பத்தடி நீளம், நாலடி அகலம் உள்ள பாத்தி என்றால் ஒரு நாளில் இருபது லிட்டருக்கு மேல். மேல்மண் காய்ந்ததும் இந்த வேகம் தானாகக் குறைந்துவிடும். காய்ந்த மேல்மண்ணே கீழுள்ள ஈரத்துக்கு ஓரளவு காவலாகிவிடுகிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மண் காய்ந்து தெரிகிறதே என்று மறுநாள் காலையில் மறுபடி தெளிக்கிறோம். மேல்மண் திரும்பவும் நனைகிறது, திரும்பவும் முதல் நாள் வேகத்தில் ஆவியாகிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருவதைப் போல நனைந்த மண்ணின் நுண்துளைகளும் கீழுள்ள ஈரத்தை மேலே ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பவர்தான் அதிகத் தண்ணீரை வெயிலுக்குக் கொடுக்கிறார். வேர் இருக்கும் ஆழத்துக்கு அந்தத் தண்ணீர் போவதே இல்லை.

மூடாக்கு இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. வெயிலும் காற்றும் மண்ணை நேரே தொடுவதில்லை. மே மாத நடுப்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் மேலாக ஓடும் நுண்வேர்கள் கருகும், மண்புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். மூன்று விரற்கடை சருகு மேலே கிடந்தால் அதே மண் குளிர்ந்து கிடக்கும். கையை நுழைத்துப் பாருங்கள், தெரியும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செடி தன் இலை வழியாக விடும் நீரை மூடாக்கு தடுக்காது. மண் வீணே இழப்பதைத்தான் அது தடுக்கும். ஆகவே நாற்று நட்டதிலிருந்து செடி விரிந்து பாத்தி முழுக்க நிழல் தரும் வரை உள்ள நாட்களில் இதன் பயன் மிக அதிகம். பூசணி, சுரைக் கொடிகள் தரையை மூடிவிட்ட பிறகு அவற்றின் இலைகளே மூடாக்கு.

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு பயன் உண்டு. போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பாத்தியின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். கத்தரி ஓரளவு தாங்கும், அவரையும் மிளகாயும் தாங்காது, இலை ஓரம் கருகிவிடும். மேற்பரப்பில் ஆவியாதல் குறைந்தால் உப்பு மேலே சேர்வதும் குறைகிறது. மழைக்காலம் வந்து அதைக் கழுவி இறக்கும் வரை செடி பிழைத்துக்கொள்கிறது.

மூடாக்கை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காடு தானே செய்துகொள்வதுதான் அது; நம் பக்கத்திலேயே பார்க்கலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களில் பெரும் ஈடுபாடு கொண்டவர். வளாகத்தில் மரம் வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வளாகத்தில் இன்றும் புதர்க்காடு இருக்கிறது. அங்கே நடக்க வாய்ப்புக் கிடைத்தால் பங்குனி மாதத்தில் ஒரு மரத்தடியில் சருகை விலக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பான இலை. அதன்கீழ் பாதி மக்கிய இலை. அதற்கும் கீழே எது இலை, எது மண் என்று பிரிக்க முடியாத கறுப்புத் தூள். அந்தக் காட்டுக்கு யாரும் ஹோஸ் பைப் பிடிப்பதில்லை. வேலிக்கு வெளியே இருப்பதும் அதே செம்மண், அதே சரளைதான். ஆனால் அது பெருக்கிப் பெருக்கி வழித்த தரை. செருப்புக் காலுக்கே சுடுகிறது.

தமிழ்நாட்டில் மூடாக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் நம்மாழ்வார் ஐயா. வேளாண்மை படித்து, கோவில்பட்டியில் அரசின் மானாவாரி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அந்த முறையோடு ஒத்துப்போக முடியாமல் வெளியே வந்தவர். 2013 டிசம்பர் 30ஆம் தேதி மறையும் வரை ஊர் ஊராக நடந்து இதைச் சொன்னார். கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில், சுருமான்பட்டியில் அவர் வானகம் என்ற தம் இயற்கை வேளாண் பண்ணையை அமைத்தது செழிப்பான நிலத்தில் அல்ல, காய்ந்த கரட்டு நிலத்தில். ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா அறுத்த நெல்லின் வைக்கோலைத் திரும்ப வயலிலேயே பரப்பினார். ஆனால் எனக்கு இவர்கள் எல்லோரையும்விட வியப்பூட்டுகிறவர்கள் லான்சரோட்டே தீவின் உழவர்கள். ஆப்பிரிக்கக் கரையோரம் ஸ்பெயினுக்குச் சொந்தமான சின்னத் தீவு அது. ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. நம் ஊரில் 2015இல் ஒரே நாளில் பெய்ததில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 1730 முதல் 1736 வரை அங்கே எரிமலை வெடித்துக்கொண்டே இருந்தது. நல்ல வயல்களின் மேல் கறுப்புச் சாம்பல் சரளை மூடிவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்த உழவர்கள், சாம்பலைத் தோண்டிக் கீழ்மண்ணில் நட்ட செடிகள் முன்பைவிட நன்றாக வளர்வதைக் கண்டார்கள். மேலே கிடந்த சாம்பல் ஈரத்தைக் காத்தது. இன்றும் அங்கே குழி தோண்டித் திராட்சைக் கொடி வைக்கிறார்கள், சாம்பலை மூடாக்காக விட்டுவிட்டு. இலை கிடைக்காத ஊர் கல்லைப் போர்த்திக்கொண்டது. நமக்கோ இலைக்குக் குறைவே இல்லை.

இலை எப்போது விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தை பிறந்ததும் மழை முடிந்துவிடும். மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும், ஆனால் அன்றிலிருந்து அது இறங்குமுகம்தான். அந்த நேரத்தில்தான் மரங்கள் உதிர்க்கத் தொடங்குகின்றன. வாகை உதிர்க்கும், மாசி பங்குனியில் வேம்பும் புங்கமும் கொட்டித் தீர்க்கும். பூவரசு மஞ்சள் இலையை நாள்தோறும் போட்டுக்கொண்டே இருக்கும். மண்ணுக்குப் போர்வை வேண்டிய மாதத்தில் போர்வை தானே வந்து இறங்குகிறது. நாமோ அதைக் கூட்டி மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம், இல்லையென்றால் தெருமுனையில் தீ வைக்கிறோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்த கதை நமக்குத் தெரியும். அந்த மேட்டில் மண்ணுக்குப் போக வேண்டிய சருகும் தழையும் எவ்வளவு! திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன. தோட்டக் கழிவை வீட்டுக்காரரே தனியாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. சட்டத்துக்காக என்று நான் சொல்லவில்லை. தெருமுனையில் நீங்கள் கொளுத்தும் அந்தச் சருகுக் குவியல், சித்திரையில் நீங்கள் வாங்கப்போகும் தண்ணீர். அதைக் கண்ணெதிரே எரியவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எந்த இலை நல்லது என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள்.

தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலை முதல் தரம். வாகை, புங்கம், கிளைரிசிடியா எல்லாம் அதே வகை. பயறு இனத்து மரங்கள் என்பதால் தழைச்சத்து உண்டு, சீக்கிரம் மக்கும், மண்ணுக்கு உணவாகும். சீக்கிரம் மக்குவதால் அடிக்கடி மேலே சேர்க்கவும் வேண்டும். வேப்பிலை நல்லது, பயப்பட வேண்டாம். மாவிலை, பாதாம் இலை, தேக்கிலை, பலா இலை ஆகியவை தடிப்பானவை. அப்படியே பரப்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தபடி படிந்து, ஊற்றும் தண்ணீரை ஓரத்துக்கு வழித்துவிடும். நொறுக்கிப் போடுங்கள். சாக்கில் கட்டிக் காலால் மிதித்தாலே நொறுங்கும். பொடி இலையோடு கலந்தால் இன்னும் நல்லது. சவுக்கு ஊசி காற்றோட்டம் விடும், காற்றில் பறக்காது; மிளகாய்க்கும் கத்தரிக்கும் அருமையாக அமையும். தைலமர இலையைக் காய்கறிக்குப் பச்சையாகப் போடாதீர்கள். ஒரு மழைக்காலம் ஓரமாகக் கிடந்து மக்கட்டும்.

படப்பை, மணிமங்கலம் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கிடைக்கும். தக்காளிக்கு வைக்கோலைப் போல வேறொன்று இல்லை. வெளிறிய நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், பழம் மண்ணில் படாமல் சுத்தமாக இருக்கும். ஆனால் வைக்கோலையோ மரத்தூளையோ மண்ணுக்குள் கொத்திக் கலக்காதீர்கள். கரிமம் மிகுந்த பொருளை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும். மேலே கிடந்தால் இந்தத் தொல்லை இல்லை. கரும்பு ஜூஸ் கடைச் சக்கையை நன்றாக வெயிலில் காயவைத்த பின்பே போட வேண்டும், இல்லையென்றால் எறும்பு மொய்க்கும். தென்னங்கீற்றைத் துண்டாக நறுக்கி மரத்தடிக்கும் நடைபாதைக்கும் வைத்துக்கொள்ளலாம். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்கினால் மூடாக்கு, பூத்த பின் பிடுங்கினால் விதைப்பு.

ஆகாயத்தாமரையைப் பற்றிப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கிறதே, எடுத்துப் போட்டால் ஏரிக்கும் நல்லது, தோட்டத்துக்கும் நல்லது அல்லவா என்று. சுத்தமான நீரில் வளர்ந்ததானால் சரி. ஆனால் புறநகர் ஏரிகள் பலவற்றில் சாக்கடை கலக்கிறது. ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சித் தன் வேரில் சேர்த்து வைப்பது அந்தச் செடியின் இயல்பு. நாம் உண்ணும் கீரைக்கு அடியில் அதைப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. பூச்செடிக்கும் நிழல் மரத்துக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

போடும் முறை எளிது. முதலில் களை எடுத்து, பாத்தியை வேர் ஆழம் நனையும்படி நீர் விடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால் காய்ந்ததைத்தான் காத்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு நாலு அங்குல உயரத்துக்குச் சருகைத் தளர்வாகப் பரப்புங்கள். சில வாரத்தில் அது பாதியாக அமுங்கும். தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஈரச் சருகு தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அடி அழுகும். வெண்டையும் தக்காளியும் இப்படித்தான் நிற்கும்போதே சாய்கின்றன. கீரை விதைத்த பாத்தியில் முளைக்கும் வரை போடக்கூடாது. நாற்று நாலு விரல் உயர்ந்த பின் வரிசைகளுக்கு நடுவில் மெல்லிதாகத் தூவினால் போதும். முளைக்கீரை, சிறுகீரையை வேரோடு பிடுங்கி முடிப்பதற்குள் மூடாக்கால் பெரிய பயன் வராது. அடி விட்டு அறுத்து அறுத்துத் துளிர்க்கவிடும் அரைக்கீரைக்கு உண்டு.

இனி, தண்ணீர் விடும் பழக்கமும் மாற வேண்டும். கையை மூடாக்குக்கு அடியில் விட்டு மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டினால் இன்று வேண்டாம். விடும்போது மேலாகத் தெளிக்காமல், சருகை விலக்கி மண்ணில் விடுங்கள். கோடையில் வரும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூறலைச் சருகே குடித்துவிடும், மண்ணுக்கு வராது. வெளியே தரை நனைந்திருக்கிறதே என்று அன்றைக்கு நீர் விடாமல் இருந்துவிடாதீர்கள்.

கோரைப் புல் மூடாக்குக்கு அடங்காது. அதன் கூர்முனை சருகை மட்டுமல்ல, அட்டையையும் குத்திக்கொண்டு மேலே வரும். கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி. மற்றக் களைகள் பெரும்பாலும் வெளிச்சமில்லாமல் அடங்கிவிடும்.

பாம்பு வருமா என்ற கேள்வி நியாயமானது. நன்மங்கலம், வண்டலூர்க் காட்டுப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இந்த அச்சம் இருந்தே தீரும். நாலு அங்குலச் சருகில் பாம்பு குடியிருப்பதில்லை. குவியலிலும் விறகு அடுக்கிலும் எலி தங்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே பரப்புங்கள், குவிக்காதீர்கள். சமையலறை மிச்சத்தைச் சருகுக்கடியில் ஒளிக்காதீர்கள். கை வைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். கறையான் காய்ந்த சருகைத் தின்ன வரும். அது நல்ல ஈரத்தில் இருக்கும் பச்சைச் செடியைத் தொடுவது அரிது. ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே மூடாக்குப் போடுங்கள், நிலைக்கதவு முக்கியம். கொசு சருகில் முட்டையிடாது. மூடாக்காக வைக்கும் இளநீர்க் கூட்டிலும் கொட்டாங்குச்சியிலும் நிற்கும் நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். அவற்றைக் கவிழ்த்தே வையுங்கள்.

நெகிழி நிலப்போர்வை பற்றி ஒரு சொல். செங்கல்பட்டு மாவட்டத்தில் தர்பூசணி போடும் விவசாயி சொட்டுநீரோடு அதை விரிக்கிறார்; கூலி ஆள் கிடைக்காத நிலையில் ஏக்கர் கணக்கில் களையெடுக்க அவருக்கு வேறு வழி குறைவு, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுப் பாத்திக்கு அது வேண்டாம். அது மண்ணுக்கு எதையும் தருவதில்லை, கிழிந்து துணுக்காகி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மாடித்தோட்டப் பைகளுக்குச் சருகு மூடாக்கு இன்னும் கட்டாயம். பையில் மண் குறைவு, சூடு நாலு பக்கமும் ஏறும், தென்னைநார்க் கழிவு ஒரு முறை முழுக்கக் காய்ந்தால் மறுபடி நனைவது கடினம். பையின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே கலவையை நிறுத்திக்கொண்டால் மேலே சருகுக்கு இடம் கிடைக்கும்.

கோடைக்குச் சொன்னதை அப்படியே மழைக்காலத்துக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஐப்பசி அடைமழையில் நாலு அங்குலம் மூடாக்கு கிடந்தால் களிமண் சேர்ந்த தாழ்வான மனைகளில் வேர் மூச்சுத் திணறும். ஏரியை ஒட்டிய நகர்களில் இப்படிப்பட்ட மனைகள் பல. புரட்டாசி முடிவில் பழைய சருகை ஒதுக்கி, ஓர் அங்குலம் மட்டும் விடுங்கள். அந்த ஓர் அங்குலமும் போய்விடக் கூடாது. பெருந்துளி வெறும் செம்மண்ணில் அடித்தால் மண் கரைந்து, காய்ந்ததும் ஓடு போல இறுகும். சேறு தெறித்துத் தக்காளியின் அடியிலையில் இலைக்கருகல் நோய் ஏறும். பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் விட்டிருந்தால் மழையும் மூடாக்கும் சேர்ந்தே இருக்கலாம்.

மழைக்காலத்துப் பெரிய எதிரி ஆப்பிரிக்கப் பெரு நத்தை. 1847இல் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் கொண்டுவந்து விடப்பட்டது, இன்று நம் சுற்றுச்சுவர் முழுக்க ஏறுகிறது. ஈரச் சருகு அதற்குப் பகல் மறைவிடம். இருட்டியதும் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுவதுதான் எனக்குத் தெரிந்த உறுதியான வழி. தெருவில் நாலு வீடு சேர்ந்து செய்தால்தான் பலன் தெரியும். ஒருவர் மட்டும் பொறுக்கினால் அடுத்த வீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக, சருகு எங்கே கிடைக்கும் என்பது.  தெருவைக் கூட்டும் அக்காமார்கள் உங்கள் வாசல் வழியேதான் போகிறார்கள். மாசி, பங்குனியில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சருகு மூட்டையை மட்டும் எங்கள் வாசலில் இறக்கிவிடுங்கள் என்று. அவர்கள் சுமையும் குறையும். வாங்கியதும் உட்கார்ந்து பால் கவர், ஷாம்பு பாக்கெட், குட்கா உறை, கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நாய்க் கழிவு கலந்த மூட்டையைக் காய்கறிக்குப் போட வேண்டாம், மரத்தடிக்கு அனுப்புங்கள். மூட்டைகளை மழை படாத இடத்தில் அடுக்கி வைத்தால் ஆவணி வரை வரும். இடம் இல்லாதவர் பக்கத்து வீட்டில் வைக்கட்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் யார் தெருவில் எந்த மரம் நிற்கிறது, யாருக்கு எத்தனை பாத்தி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். தாளும் பேனாவும் மேசையில் இருக்கின்றன.